ஈறுகளில் கசியும் இரத்தம்

காலையில் பல் துலக்கிவிட்டு உமிழும்போது வெள்ளை நுரைக்கு நடுவே நூலிழை போல ஓர் இளஞ்சிவப்புக் கோடு ஓடுவதை ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளாக நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வலி இல்லை, பல் ஆடவில்லை, மெல்லுவதில் தடையும் இல்லை. தூரிகையின் இழைகள் முரடாக இருப்பதால்தான் இரத்தம் வருகிறது என்று நானே முடிவுகட்டி மென்மையான தூரிகைக்கு மாறினேன். அப்போதும் நிற்காததால், இரத்தம் வரும் இடத்தை மட்டும் தொடாமல் ஒதுக்கித் துலக்கப் பழகிக்கொண்டேன். ஈறு நோயைப் பற்றிப் பின்னாளில் படித்தபோதுதான், செய்யக்கூடாதவற்றில் முதலாவது இதுவே என்பது புரிந்தது. எந்த இடத்துக்குத் துப்புரவு மிகவும் தேவைப்பட்டதோ அந்த இடத்தைத்தான் இத்தனை ஆண்டுகள் தொடாமல் விட்டிருக்கிறேன்.

கடைவாய்ப் பற்களுக்கு இடையே உணவு சிக்கிக்கொள்கிறது என்பதற்காகத்தான் கடைசியில் பல் மருத்துவரிடம் போனேன். அவர் முனை மழுங்கிய, மில்லிமீட்டர் கோடுகள் பொறித்த மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடங்களில் ஈறுக்கும் பல்லுக்கும் இடையே மெதுவாக இறக்கி, கிடைத்த ஆழத்தை உதவியாளரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். முன்பற்களில் 2, 3, 2 என்று போய்க்கொண்டிருந்த எண்கள் கடைவாயை நெருங்க நெருங்க 4, 5, 5 என்று ஏறி, ஓரிடத்தில் 6 ஆயின. நல்ல நிலையில் உள்ள ஈறில் அந்த இடுக்கு 1 முதல் 3 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். அதற்கு மேல் போனால், ஈறு பல்லை விட்டுப் பிரிந்து அங்கே ஒரு பை உண்டாகத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். அளந்து முடித்து முகக்கவசத்தை இறக்கிய அவர் முதலில் கேட்ட கேள்வி பல்லைப் பற்றியதாக இல்லை: "கடைசியா சர்க்கரை எப்போ பார்த்தீங்க?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வாய்க்குள் கம்பியை விட்டுப் பார்த்த ஒருவர் எதற்காக என் இரத்தச் சர்க்கரையைக் கேட்க வேண்டும்? பரிசோதித்ததில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 6.3 என்று வந்தது. நீரிழிவு என்று சொல்லப்படும் 6.5-க்குச் சற்றுக் கீழே, எல்லைக்கோட்டில் நின்றுகொண்டிருந்தேன். அன்று தொடங்கி, ஈறு நோய்க் கிருமிகளுக்கும் உடம்பின் மற்ற உறுப்புகளுக்கும் என்ன தொடர்பு என்பதைக் கையில் கிடைத்த ஆய்வுக் கட்டுரைகளின் வழியே தேடிப் படித்து வருகிறேன். நான் மருத்துவன் அல்லன். ஆனால் இந்த விஷயத்தில் மிகைப்படுத்திப் பயமுறுத்தும் எழுத்தும், வெறும் வாய் நாற்றத்தோடு நிறுத்திக்கொள்ளும் எழுத்துமே அதிகம் கண்ணில் படுவதால், நான் புரிந்துகொண்டதை அளவோடு எழுத வேண்டும் என்று தோன்றியது.

வாயில் நுண்ணுயிர்கள் இருப்பது புதிய செய்தியன்று. நுண்ணுயிர்களை முதன்முதலில் கண்ட டச்சுக்காரர் லேவன்ஹுக் தம் பற்களுக்கு இடையிலிருந்து சுரண்டியெடுத்த வெண்ணிறப் படலத்தை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்து, அதில் சின்னஞ்சிறு உயிர்கள் நெளிவதை இலண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதியது 1683-இல். இன்று மனித வாயில் காணப்படும் பாக்டீரிய இனங்கள் ஏறத்தாழ 700 என்று கணக்கிடுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்யாதவை. சில நன்மையும் செய்கின்றன. துலக்கி முடித்த சில மணி நேரத்திலேயே பல்லின் மேல் அவை மீண்டும் படியத் தொடங்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பசைபோல ஒட்டிக்கொண்டு ஒரு படலமாகிவிடுகின்றன. அந்தப் படலத்தை அகற்றாமல் விட்டால் உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் இறங்கிக் கெட்டியாகிக் காரையாகிவிடும். காரையாகிவிட்டதைத் தூரிகையால் எடுக்க முடியாது.

1965-இல் ஹரால்ட் லோ என்ற நார்வே நாட்டு அறிஞரும் அவருடைய குழுவினரும் செய்த ஓர் எளிய சோதனை இத்துறையின் அடித்தளமாக இன்றும் இருக்கிறது. நல்ல ஈறுகள் கொண்ட 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாள்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சில நாள்களிலேயே அது மறைந்தது. யாரும் தப்பவில்லை, அதே நேரத்தில் யாருக்கும் அது நிரந்தரமாகவும் இல்லை என்ற இரண்டு செய்திகளையும் சேர்த்தே மனத்தில் கொள்ள வேண்டும். ஈறு சிவந்து இரத்தம் கசிகிற அந்த முதல் கட்டத்திலிருந்து முழுமையாகத் திரும்பி வந்துவிடலாம். பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையத் தொடங்கும் அடுத்த கட்டத்தில் நோயை நிறுத்தி வைக்கலாமே தவிர, போன எலும்பு பெரும்பாலும் திரும்புவதில்லை.

எல்லோருக்கும் அடுத்த கட்டம் வருவதில்லை என்பதையும் அதே லோ காட்டினார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த, பல் மருத்துவ வசதியே எட்டாதிருந்த 480 ஆண் தொழிலாளர்களை 1970 முதல் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்து, 1986-இல் முடிவுகளை வெளியிட்டார். அவர்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்கு நோய் வேகமாக முற்றியது. 81 விழுக்காட்டினருக்கு மெதுவாக வளர்ந்தது. 11 விழுக்காட்டினருக்கு அழற்சியைத் தாண்டிப் போகவே இல்லை. கிருமி ஒரு பக்கம் என்றால், அதற்கு உடம்பு எப்படி எதிர்வினை ஆற்றுகிறது என்பது இன்னொரு பக்கம் என்று அந்த எண்கள் சொல்கின்றன.

கிருமிகளில் முதன்மையாகப் பேசப்படுவது போர்பைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ். டானெரெல்லா ஃபோர்சித்தியா, ட்ரெப்போனிமா டென்டிகோலா என்ற இரண்டோடும் இதைச் சேர்த்து 1998-இல் சொக்ரான்ஸ்கி என்ற ஆய்வாளரின் குழு 'சிவப்புக் கூட்டம்' என்று பெயரிட்டது. ஆழமான ஈறுப் பைகளில் இம்மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகவே காணப்படுகின்றன. எனக்கு மிகவும் வியப்பளித்தது ஜிஞ்சிவாலிஸ் நடந்துகொள்ளும் விதம். எண்ணிக்கையில் அது மிகச் சொற்பம். 2011-இல் எலிகளில் செய்த ஆய்வில், மொத்தக் கிருமிகளில் 0.01 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தபோதே அது மற்றக் கிருமிகளின் கூட்டத்தை முழுவதுமாக மாற்றி எலும்பைக் கரைய வைத்தது. வேறு கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளின் வாயில் அதை மட்டும் தனியே விட்டபோது எலும்பு கரையவில்லை. தான் நேரடியாகத் தாக்குவதைக் காட்டிலும், நம் வெள்ளணுக்களின் காவலைக் குழப்பிவிட்டு, அதுவரை சாதுவாக இருந்த கூட்டத்தையே நோய்க் கூட்டமாக மாற்றுவதுதான் அதன் வழி.

இன்னொன்றும் இருக்கிறது. ஜிஞ்சிவாலிஸ் வளர்வதற்கு இரும்புச் சத்து கொண்ட ஹீம் என்ற பொருள் தேவை; அது நம் சிவப்பணுக்களில் இருக்கிறது. ஈறு வீங்கி இரத்தம் கசிந்தால்தான் அதற்கு இரை. ஆய்வுக்கூடத்தில் இரத்தம் கலந்த ஊடகத்தில் வளர்த்தால், அந்த ஹீமைச் சேர்த்துவைத்துக் கறுப்பு நிறக் குடியிருப்புகளாக வளரும். அழற்சி இரத்தத்தைக் கொண்டுவருகிறது, இரத்தம் கிருமியை வளர்க்கிறது, வளர்ந்த கிருமி அழற்சியைக் கூட்டுகிறது. நான் நாள்தோறும் பார்த்த அந்த இளஞ்சிவப்புக் கோட்டுக்கு இப்படி ஒரு பொருள் இருந்தது என்பதை அறிந்தபோது மனம் கலங்கிவிட்டது.

வாய்க்குள் நடக்கும் இந்தச் சண்டை உடம்பின் மற்ற இடங்களுக்கு எப்படிப் போகிறது? ஈறுப் பையின் உட்சுவர் தோல்போல உறுதியானதன்று. நோயுற்றபின் அது ஆங்காங்கே பிய்ந்து புண்ணாகிக் கிடக்கும். நோய் முற்றியவருக்கு இந்தப் புண்ணின் மொத்தப் பரப்பு ஓர் உள்ளங்கை அளவு இருக்கும் என்று பலர் எழுதுகிறார்கள். கவனமாகக் கணக்கிட்டவர்கள் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் என்கிறார்கள். உள்ளங்கையைவிடச் சிறியதுதான், ஆனால் காலிலோ கையிலோ அந்த அளவுக்குப் புண் ஆண்டுக்கணக்கில் ஆறாமல் இருந்தால் நாம் ஒரு நாளும் சும்மா இருக்க மாட்டோம். ஈறுப் பைக்குள் மறைந்திருப்பதாலும் வலிக்காததாலும் அது கணக்கிலேயே வருவதில்லை. அந்தப் புண் வழியே கிருமிகளும், அவற்றின் நச்சுப் பொருள்களும், நம் உடம்பே சுரக்கும் அழற்சிப் புரதங்களும் இரத்தத்தில் கலக்கின்றன. அவற்றுக்கு எதிர்வினையாகக் கல்லீரல் சி-ரியாக்டிவ் புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கிறது. ஈறு நோய் முற்றியவர்களின் இரத்தத்தில் இந்தப் புரதம் சற்று உயர்ந்தே இருக்கிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியான செய்தி.

கிருமி இரத்தத்தில் கலப்பது அரிய நிகழ்ச்சியுமன்று. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், வெறுமனே பல் துலக்கிய பிறகு 23 விழுக்காட்டினரின் இரத்தத்திலும், ஆன்டிபயாட்டிக் தராமல் பல் பிடுங்கிய பிறகு 60 விழுக்காட்டினரின் இரத்தத்திலும், இதய உள்ளுறை அழற்சியை உண்டாக்கக்கூடிய வகைக் கிருமிகள் காணப்பட்டன. நலமாக உள்ளவருக்கு வெள்ளணுக்கள் சிறிது நேரத்திலேயே அவற்றை ஒழித்துவிடுகின்றன. செயற்கை வால்வு பொருத்தியவர்கள், முன்பே இந்த அழற்சி வந்தவர்கள், சில வகைப் பிறவி இதயக் குறை உள்ளவர்கள் போன்ற சிலருக்கு மட்டுமே ஆபத்து பெரிது. 2007-இல் அமெரிக்க இதயச் சங்கம் பல் சிகிச்சைக்கு முன் தரும் ஆன்டிபயாட்டிக்கை இத்தகையோரோடு நிறுத்திக்கொண்டு, அன்றாட வாய்த் துப்புரவே முக்கியம் என்று வலியுறுத்தியது. அப்படிப்பட்ட இதய நிலை உங்களுக்கு இருந்தால், பல் மருத்துவரிடம் வாயைத் திறக்கும் முன் அதைச் சொல்லிவிடுங்கள்.

இனி நீரிழிவு. இத்தனை தொடர்புகளிலும் ஐயத்துக்கு இடம் குறைந்தது இதுதான் என்பது என் கருத்து. கண், சிறுநீரகம், நரம்பு, இரத்தக் குழாய் முதலியவற்றில் நீரிழிவு உண்டாக்கும் கேடுகளோடு ஈறு நோயையும் சேர்த்து, அதை நீரிழிவின் ஆறாவது சிக்கல் என்று 1993-இல் எழுதியவரும் அதே ஹரால்ட் லோதான். சர்க்கரை கட்டுக்கடங்காதபோது வெள்ளணுக்கள் தம் வேலையைச் சரியாகச் செய்வதில்லை. புரதங்களோடு சர்க்கரை ஒட்டி உண்டாகும் கழிவுப் பொருள்கள் ஈறுத் திசுவில் சேர்ந்து அழற்சியைத் தூண்டுகின்றன. புண் ஆறுவது தாமதமாகிறது. இது ஒரு திசை. எதிர்த் திசையில், ஈறிலிருந்து ஓயாமல் கசியும் அழற்சிப் புரதங்கள் இன்சுலினின் வேலைக்குக் குறுக்கே நிற்கின்றன. அதனால் அதே மருந்து, அதே உணவுக் கட்டுப்பாடு இருந்தும் சர்க்கரை அடங்க மறுக்கிறது.

அப்படியானால் ஈறைக் குணப்படுத்தினால் சர்க்கரை இறங்க வேண்டுமல்லவா? 2013-இல் அமெரிக்காவில் 514 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு, இறங்கவில்லை என்றது. அந்த ஆய்வில் சிகிச்சைக்குப் பிறகும் பலருக்கு ஈறில் இரத்தக்கசிவு கணிசமாக எஞ்சியிருந்தது என்றும், ஈறே முழுதாக ஆறாதபோது சர்க்கரையில் மாற்றத்தை எதிர்பார்ப்பது சரியன்று என்றும் பல் மருத்துவ உலகில் கடுமையான விமர்சனம் எழுந்தது. 2018-இல் 264 பேரிடம் இன்னும் தீவிரமான சிகிச்சையை ஓராண்டு தொடர்ந்து தந்த ஆய்வில் ஹெச்பிஏ1சி 0.6 அளவு குறைவாக இருந்தது. இவை உள்ளிட்ட ஆய்வுகள் பலவற்றையும் ஒன்றுசேர்த்து 2022-இல் காக்ரேன் குழு வெளியிட்ட தொகுப்பு, மூன்று நான்கு மாதங்களில் 0.43, ஆறு மாதங்களில் 0.30 என்ற அளவுக்குக் குறைவதாகச் சொல்கிறது. பார்வைக்குச் சிறிய எண்தான். ஆனால் சில நேரங்களில் இரண்டாவது மாத்திரை ஒன்றைச் சேர்த்துக் கிடைக்கும் பலனுக்கு நெருங்கி வரும் அளவு அது. ஈறு மருத்துவம் மாத்திரைக்கு மாற்று என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மாத்திரையைத் தன் வேலையைச் செய்ய விடும் துணை என்று சொல்லலாம்.

இந்த இடத்தில், இதே எண்ணம் ஒரு காலத்தில் எவ்வளவு தூரம் தவறாகப் போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1900-இல் வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், இரத்த சோகை முதல் மனச்சோர்வு வரை பல நோய்களுக்கு வாயில் தேங்கும் சீழே காரணம் என்று எழுதினார். 1910-இல் கனடாவின் மான்ட்ரியலில் ஆற்றிய உரையில், பல்லுக்கு மேல் போடும் தங்க உறைகளைச் சீழ்க் குவியலின் மேல் எழுப்பிய தங்கக் கல்லறைகள் என்றே கண்டித்தார். அமெரிக்காவில் ஃபிராங்க் பில்லிங்ஸ் என்ற மருத்துவர் அந்தக் கருத்தைப் பரப்பினார். விளைவாக, மூட்டு வலி என்று வந்தவர்களின் பற்களையெல்லாம், நல்ல பற்களையும் சேர்த்தே, பிடுங்கும் வழக்கம் முப்பது நாற்பது ஆண்டுகள் நீடித்தது. நியூ ஜெர்சி மாநிலத்தின் டிரென்டன் மனநல மருத்துவமனையில் ஹென்றி காட்டன் என்பவர் மனநோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார். பல்லில் குணம் தெரியாதபோது டான்சிலையும், பிறகு பெருங்குடலையும் அறுத்து எடுத்தார். அந்த அறுவைகளில் பலர் மாண்டுபோனார்கள். பெரும்பாலோர் குணமடைந்ததாக அவர் சொல்லிக்கொண்ட கணக்கு பொய்த்தது. இந்த வரலாற்றைப் படித்தது முதல், எதையும் ஈறோடு முடிச்சுப் போடும் கட்டுரையைக் கண்டால், தொடர்பு என்பது வேறு, காரணம் என்பது வேறு என்று எனக்கு நானே ஒருமுறை சொல்லிக்கொண்டுதான் மேலே படிக்கிறேன்.

இதய நோயில் அந்த வேறுபாடு மிகவும் முக்கியம். 1989-இல் பின்லாந்து ஆய்வாளர்கள், மாரடைப்பு வந்தவர்களின் வாய் நிலை மற்றவர்களுடையதைவிட மோசமாக இருப்பதைக் காட்டினார்கள். அதன்பின் வந்த ஆய்வுகளிலும் இந்தத் தொடர்பு திரும்பத் திரும்பத் தெரிந்தது. இதயக் குழாய்களில் படிந்த கொழுப்புத் திட்டுகளில் ஜிஞ்சிவாலிஸின் மரபணுத் துணுக்குகளும் கிடைத்தன. ஆனால் புகைபிடித்தல் ஈறையும் கெடுக்கும், இதயத்தையும் கெடுக்கும். நீரிழிவும் அப்படியே, வறுமையும் அப்படியே. ஆகவே இரண்டும் ஒருவரிடம் சேர்ந்து இருப்பதால் ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று சொல்லிவிட முடியாது. 2012-இல் அமெரிக்க இதயச் சங்கம், இந்தப் பொதுக் காரணங்களைக் கழித்த பிறகும் தொடர்பு எஞ்சியிருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் ஈறு நோய்தான் இதய நோயை உண்டாக்குகிறது என்பதற்கோ, ஈறைக் குணப்படுத்தினால் மாரடைப்பு தடுக்கப்படும் என்பதற்கோ சான்றில்லை என்றும் சொன்னது. 2007-இல் 120 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு எனக்குப் பிடித்தமானது. அவர்களில் தீவிர ஈறு சிகிச்சை பெற்றவர்களுடைய இரத்தக் குழாய்களின் விரியும் திறன் மறுநாள் குறைந்தது, ஏனெனில் காரையைச் சுரண்டியதில் கிளர்ந்த கிருமிகளும் அழற்சியும் இரத்தத்தில் ஏறின. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, சாதாரண சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்களுடைய குழாய்கள் நன்றாக விரிந்தன. ஈறில் நடப்பது தொலைவில் உள்ள குழாய்ச் சுவரையும் எட்டுகிறது என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. அது மாரடைப்பு வரை போகுமா என்பதுதான் விடை கிடைக்காத கேள்வி.

கருவுற்ற பெண்கள் விஷயமும் இதே போன்றது. ஈறு நோய்க்கும் குறைப்பிரசவத்துக்கும் தொடர்பு உண்டு என்று 1996-இல் வந்த ஆய்வு பெரிய எதிர்பார்ப்பை எழுப்பியது. 2006-இல் 823 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வில், ஈறு சிகிச்சை குறைப்பிரசவத்தைக் குறைக்கவில்லை. ஆனால் கர்ப்ப காலத்தில் அந்தச் சிகிச்சை தாய்க்கும் சேய்க்கும் பாதுகாப்பானது என்பதை அதே ஆய்வு காட்டியது. பயந்து தள்ளிப்போடுகிற பெண்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும்.

நிமோனியா பற்றி எழுதும்போது என் பெரியம்மாவின் நினைவு வருகிறது. பக்கவாதத்தில் இரண்டு ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். வேளை தவறாமல் உணவு ஊட்டினோம், புரட்டிப் படுக்கவைத்தோம், முதுகில் புண் வராமல் பார்த்துக்கொண்டோம். வாயை மட்டும் ஈரத் துணியால் உதட்டைத் துடைப்பதோடு விட்டுவிட்டோம். உள்ளே பற்களில் மஞ்சளாகப் படிந்திருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், ஒருவரும் தூரிகையை எடுக்கவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளில் இருமுறை அவருக்கு நிமோனியா வந்தது. அதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் விழுங்கும் திறன் குறைந்தவர்களுக்கு வாயில் உள்ள உமிழ்நீர், தூங்கும்போது மெல்ல மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது. அந்த உமிழ்நீரில் எத்தனை கிருமி இருக்கிறதோ அத்தனையும் நுரையீரலுக்குப் போகிறது. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் 417 பேரை இரண்டு ஆண்டுகள் கண்காணித்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் பராமரிப்பவர்கள் பல் துலக்கிவிட்டவர்களில் 11 விழுக்காட்டினருக்கும், அப்படிச் செய்யாதவர்களில் 19 விழுக்காட்டினருக்கும் நிமோனியா வந்தது. இதற்கு விலை உயர்ந்த மருந்தோ கருவியோ தேவைப்படவில்லை. படுக்கையில் இருக்கும் ஒருவரைப் பார்த்துக்கொள்பவர் யாராவது இதைப் படித்தால், அவரைச் சாய்த்து உட்காரவைத்து, தலையைச் சற்று முன்னே குனியவைத்து, மென்மையான தூரிகையால் பற்களையும் நாக்கையும் துலக்கிவிடுங்கள். செயற்கைப் பல் வரிசை இருந்தால் இரவில் கழற்றிக் கழுவி வையுங்கள்.

முடக்குவாதம், மறதி நோய், பெருங்குடல் புற்று ஆகியவற்றைப் பற்றியும் நிறையப் பேசப்படுகிறது. முடக்குவாதத்தில் ஒரு கவனிக்கத்தக்க இழை உண்டு: நம் புரதங்களின் வடிவைச் சற்றே மாற்றி, உடம்பின் காவல் படையே அவற்றை அந்நியமாக எண்ணித் தாக்கச் செய்யக்கூடிய ஒரு நொதி ஜிஞ்சிவாலிஸிடம் இருக்கிறது. மறதி நோயில், 2019-இல் நோயாளிகளின் மூளைத் திசுவில் அதே கிருமியின் நொதிகளைக் கண்டதாக வெளிவந்த கட்டுரை உலகெங்கும் தலைப்புச் செய்தியானது. அந்த நொதியைத் தடுக்கும் மருந்தை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2021-இல் அதன் முதன்மை இலக்குகளை எட்டவில்லை. தலைப்புச் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் இந்த இரண்டாம் செய்தியைப் படித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. பெருங்குடல் புற்றுக் கட்டிகளில் ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்ற வாய்க் கிருமி மிகுதியாக இருப்பதை 2012-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டன. 2024-இல் அதன் ஒரு குறிப்பிட்ட உட்பிரிவே அங்கே அதிகம் குடியேறுகிறது என்பதும் தெரிந்தது. அது புற்றைத் தொடங்கி வைக்கிறதா, தொடங்கியதை வளர்க்கிறதா என்பதில்தான் இப்போதைய ஆய்வுகள் நிற்கின்றன.

என் சிகிச்சைக்கு வருகிறேன். இரண்டு அமர்வுகளில், மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈறுக்குக் கீழே வேரின் மேல் படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுத்தார்கள். மருத்துவர் சுரண்டி எடுத்த ஒரு துணுக்கை வெள்ளைப் பஞ்சின் மேல் வைத்துக் காட்டினார். அரிசி நொய்யைவிடச் சிறியது, கருமையான பச்சை நிறம், விரலால் நசுக்கினால் நசுங்கவில்லை. ஈறுக்கு மேலே படியும் காரை வெளிர் மஞ்சளாக இருக்கும் என்றும், கீழே படிவது இரத்தத்தின் நிறமிகளை வாங்கிக் கறுத்துப்போகும் என்றும் அவர் விளக்கினார். காரை எடுத்தால் பல் ஆட்டம் கண்டுவிடும் என்று பலர் அஞ்சுவதற்கும் அன்று விளக்கம் கிடைத்தது. பற்களுக்கு இடையே இடம் அடைத்துக்கொண்டிருந்த காரை போனதும், வீங்கியிருந்த ஈறு வடிந்ததும், அதுவரை மறைந்திருந்த இடைவெளி வெளியே தெரிகிறது. ஏற்கெனவே நோய் அரித்துவிட்டுப் போன இடம்தான் அது. சுரண்டியதால் புதிதாக வந்ததன்று.

அதன்பின் என் அன்றாட வேலை மாறியது. தூரிகையின் இழைகளைப் பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்துத் துலக்குகிறேன். இரவில் படுக்கும் முன், பற்களுக்கு இடையே நுழையும் சிறு தூரிகையை ஒவ்வோர் இடுக்கிலும் விட்டு எடுக்கிறேன். முதல் வாரம் அந்தச் சிறு தூரிகை ஒவ்வொரு முறையும் சிவந்தே வெளியே வந்தது, கைகூட நடுங்கியது. நிறுத்தாதீர்கள் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். பத்தாம் நாள் வாக்கில் பெரும்பாலான இடங்களில் இரத்தம் நின்றுவிட்டது. கிருமிநாசினி வாய்க் கொப்பளிப்பானை அவர் எழுதிக் கொடுத்தது இரண்டு வாரத்துக்கு மட்டும்தான். நைட்ரேட்டை மாற்றி இரத்தக் குழாய்கள் தளர உதவுகிற நல்ல கிருமிகளும் நாக்கில் வாழ்கின்றன. அவற்றையும் சேர்த்து நாள்கணக்கில் கழுவிக்கொண்டே இருப்பது நல்லதன்று என்பதைப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். புகைபிடிக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு: புகையிலை ஈறின் இரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடுவதால், நோய் முற்றியிருந்தாலும் அவர்களுக்கு இரத்தம் கசியாமல் இருக்கலாம். எனக்குக் கிடைத்த அந்த இளஞ்சிவப்பு அடையாளம்கூட அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

மூன்று மாதம் கழித்து மீண்டும் அதே நாற்காலி, அதே கோடிட்ட கம்பி. இம்முறை எண்களைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். 5 என்றிருந்த இடங்களில் பெரும்பாலானவை 3-க்கு வந்திருந்தன. 6 இருந்த கடைவாய்ப் பல்லில் 5 இருந்தது, அங்கே கம்பி பட்டதும் இரத்தமும் வந்தது. ஹெச்பிஏ1சி 6.0 என்று வந்தது. அந்த மூன்று மாதமும் நான் தினமும் நடக்கவும் செய்தேன், இரவு உணவையும் குறைத்தேன். ஆகையால் இறங்கியதில் எவ்வளவு ஈறின் பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த ஒரு பல்லுக்காக மருத்துவர் மீண்டும் மூன்று மாதத்தில் வரச் சொல்லியிருக்கிறார். அதன் உட்பக்க இடுக்கில் இன்றிரவும் சிறு தூரிகையை இருமுறை விட்டு எடுத்தேன். இழைகளில் மிக மெல்லியதாக ஒரு சிவப்பு இருந்தது.